பழைய மெம்பர்னா பில் அதிகம்! ஜிம் ரினியூவல் கட்டுறதுக்கு முன்னாடி இந்தக் கணக்கைப் போட்டுப் பாருங்க

நேரா கணக்குக்கே போயிடலாம்.

ஒரே ஜிம். அதே ட்ரெட்மில், அதே ஏசி, அதே ட்ரெயினர். அங்க ரெண்டு பேர் பணம் கட்டுறாங்க.

முதல் ஆள் மூணு வருஷமா அங்க போறவர். இந்த வருஷம் ரினியூவலுக்கு அவர்கிட்ட கேட்ட தொகை, 12 மாசத்துக்கு 18,000 ரூபாய். ரெண்டாவது ஆள் அவரோட டீம்ல புதுசா சேர்ந்த பையன். ஜிம்முக்கும் புதுசு. அவனுக்குக் கிடைச்ச ஆஃபர், 15,000 ரூபாய்க்கு 12 மாசம், அதுக்கு மேல 3 மாசம் இலவசம்.

மாசக் கணக்காப் பிரிச்சுப் பாருங்க.

பழையவர்: 18,000 ÷ 12 = மாசம் 1,500 ரூபாய்
புதியவர்: 15,000 ÷ 15 = மாசம் 1,000 ரூபாய்

மூணு வருஷம் ஒழுங்கா பணம் கட்டினவர், நேத்து வந்தவரை விட 50% அதிகம் கட்டுறார்.

இந்த பில்லைக் காட்டினது, வருஷா வருஷம் என்கிட்ட வருமான வரி ரிட்டர்ன் போட வர்ற ஒரு தம்பி. ஓ.எம்.ஆர். பக்கம் சாஃப்ட்வேர் கம்பெனியில வேலை. அவர் கேட்ட கேள்வி ரொம்ப நியாயமானது. "அண்ணா, ஒரு தடவை கூட ரினியூவலை லேட்டா கட்டினதில்ல. டிஸ்கவுண்ட் கொடுக்கறதா இருந்தா எனக்குத்தானே கொடுக்கணும்?"

நியாயப்படி அவர் சொல்றது சரி. ஆனா விலை நியாயத்தை வச்சு முடிவாகுறதில்ல. எதை வச்சு முடிவாகுது, நீங்க அதுல என்ன பண்ண முடியும்னு இந்தப் பாடத்துல பார்ப்போம். கடைசியில, ஜிம் பில்லை விடப் பல மடங்கு பெரிய இன்னொரு பில்லையும் பார்க்கப் போறோம். அதனால நடுவுல விட்டுட்டுப் போயிடாதீங்க.

இதுக்கு ஒரு பேர் இருக்கு

இதை "லாயல்டி பெனால்டி"னு சொல்வாங்க. தமிழ்ல சொன்னா, விசுவாசத்துக்குப் போடுற அபராதம். ஒரே சேவைக்கு, விட்டுப் போகாம இருக்கிற பழைய வாடிக்கையாளர் புதுசா வர்றவரை விட அதிகம் கட்டுறதுதான் இது.

இது நம்ம ஊர் ஜிம்ல மட்டும் நடக்குற விஷயம் இல்ல. பிரிட்டன்ல 2018 செப்டம்பர்ல சிட்டிசன்ஸ் அட்வைஸ்ங்கற நுகர்வோர் அமைப்பு, அந்த நாட்டுப் போட்டி ஆணையத்துக்கிட்ட இதைப் பத்தி ஒரு பெரிய புகாரே கொடுத்தது. மொபைல், பிராட்பேண்ட், வீட்டு இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன், சேமிப்புக் கணக்கு. இந்த அஞ்சுல மட்டும் பழைய வாடிக்கையாளர்கள் வருஷத்துக்கு சுமார் 410 கோடி பவுண்ட் கூடுதலா கட்டுறாங்கன்னு அவங்க கணக்குச் சொன்னாங்க. அதுக்கப்புறம் அந்த நாட்டு நிதி ஒழுங்குமுறை அமைப்பு ஒரு விதி கொண்டு வந்தது. 2022 ஜனவரி 1-லிருந்து, வீட்டு இன்ஷூரன்ஸ்லயும் வாகன இன்ஷூரன்ஸ்லயும் ரினியூவலுக்குக் கேட்கிற பிரீமியம், அதே ஆள் புதுசா வந்தா என்ன கேட்பாங்களோ அதை விட அதிகமா இருக்கக் கூடாது.

நம்ம நாட்டுல ஜிம்முக்கு அப்படி ஒரு விதி கிடையாது. பிஸ்கட் பாக்கெட்னா எம்.ஆர்.பி. அச்சடிச்சிருக்கும். அதுக்கு மேல கேட்டா சண்டை போடலாம். சேவைக்கு எம்.ஆர்.பி. இல்ல. பழைய மெம்பருக்கு 18,000, புது மெம்பருக்கு 15,000னு வச்சா, அதுக்காக மட்டும் சட்ட விரோதம்னு சொல்ல முடியாது. அதனால இங்க உங்க ஆயுதம் சட்டப் புத்தகம் இல்ல, கால்குலேட்டர்தான்.

ஜிம் ஏன் இப்படிப் பண்ணுது?

ஜிம் ஓனரை வில்லனாக்கறதுக்கு முன்னாடி, அவரோட லாப நஷ்டக் கணக்கைக் கொஞ்சம் பார்ப்போம்.

ஒரு ஜிம்முக்கு என்னென்ன செலவு? இடத்து வாடகை, மெஷின் வாங்கின கடனுக்கு இ.எம்.ஐ., ட்ரெயினர் சம்பளம், கரண்ட் பில். இதுல பெரும்பாலானது 200 பேர் வந்தாலும் 300 பேர் வந்தாலும் கிட்டத்தட்ட அதேதான். அதாவது, 201-வது மெம்பரால ஓனருக்கு ஆகுற கூடுதல் செலவு ரொம்பக் குறைவு. அவர் கொடுக்கிற பணம் பெரும்பாலும் லாபத்துல போய் சேரும்.

செலவு இப்படி இருக்கும்போது, விலையை யாரும் "செலவு இவ்வளவு, லாபம் இவ்வளவு"னு கூட்டி வைக்க மாட்டாங்க. "இந்த ஆள் எவ்வளவு வரைக்கும் கொடுப்பார்?" இந்தக் கேள்விக்கான பதில்தான் விலை.

புதுசா வர்றவர் மூணு ஜிம் ஏறி இறங்கிட்டு வருவார். ரேட் கேட்பார், யோசிக்கிறேன்னு சொல்லிட்டுப் போவார். குறைச்சாத்தான் சேருவார்.

பழைய மெம்பர் அப்படி இல்ல. வீட்டுக்குப் பக்கம், ட்ரெயினர் பழக்கம், கூட வொர்க்அவுட் பண்ற நண்பர்கள் அங்க இருக்காங்க. எந்த மெஷின் எங்க இருக்குன்னு கண்ணை மூடிட்டுச் சொல்வார். கேட்ட தொகையை ஜிபேல அனுப்பிட்டு ஸ்குவாட் பண்ணப் போயிடுவார். விட்டுப் போக மாட்டார்னு தெரிஞ்ச ஆளுக்கு எதுக்குக் குறைக்கணும்?

புது மெம்பருக்குக் கொடுக்கிற தள்ளுபடியை ஜிம் விளம்பரச் செலவாத்தான் பார்க்குது. அந்தச் செலவை ரெண்டாவது, மூணாவது வருஷ ரினியூவல்ல எடுத்துடலாம்ங்கறது திட்டம். அதாவது, பக்கத்துல புதுசா ஓடிட்டிருக்கிற பையனோட டிஸ்கவுண்ட்ல ஒரு பங்கு உங்க பாக்கெட்லிருந்து போகுது.

நீங்க வேலை செய்ற இடத்தையே நினைச்சுப் பாருங்க. அஞ்சு வருஷமா இருக்கிற சீனியருக்கு 8% ஹைக். வெளியிலிருந்து அதே வேலைக்கு வர்றவருக்கு அவரை விட அதிக சம்பளம். அங்கயும் இதே கணக்குதான். போக மாட்டார்னு தெரிஞ்சவருக்குக் கம்மி. வரவைக்க வேண்டியவருக்கு அதிகம்.

போகாத நாளுக்கும் சேர்த்துக் கட்டுறோம்

ஜிம் பில்லைப் பத்திப் பேசும்போது ஒரு ஆராய்ச்சியைச் சொல்லியே ஆகணும். ஸ்டெஃபானோ டெல்லவிக்னா, உல்ரிக்கே மால்மெண்டியர்னு ரெண்டு பொருளாதார அறிஞர்கள் 2006-ல வெளியிட்டது. அமெரிக்காவுல மூணு ஹெல்த் கிளப்ல 7,752 மெம்பர்களோட வருகைப் பதிவை மூணு வருஷம் பார்த்தாங்க.

மாசத்துக்கு 70 டாலருக்கு மேல கட்டினவங்க, சராசரியா மாசம் 4.3 தடவைதான் போயிருக்காங்க. ஒரு தடவை போறதுக்கு 17 டாலருக்கு மேல ஆகியிருக்கு. அதே கிளப்ல 10 தடவைக்கான பாஸ் வாங்கியிருந்தா, ஒரு தடவைக்கு 10 டாலர்தான்.

இன்னொண்ணும் கவனிச்சாங்க. கடைசியா ஜிம்முக்குப் போன நாளுக்கும், மெம்பர்ஷிப்பை ரத்து பண்ணின நாளுக்கும் நடுவுல சராசரியா ரெண்டு மாசத்துக்கு மேல இடைவெளி. கால் நின்னுடுச்சு, பணம் மட்டும் போயிட்டே இருந்திருக்கு.

இதுல நமக்கு என்ன பாடம்? மாசம் 1,500 ரூபாயா 1,000 ரூபாயாங்கறது பாதிக் கேள்விதான். மீதிக் கேள்வி, மாசம் எத்தனை நாள் போறீங்க?

மாசம் 20 நாள் போறவருக்கு 1,500 ரூபாய்னா, ஒரு நாளைக்கு 75 ரூபாய். ரெண்டு டீ, ஒரு வடை செலவு. 5 நாள் போறவருக்கு அதே பில், ஒரு நாளைக்கு 300 ரூபாய். இவர் டிஸ்கவுண்ட் கேட்டுப் போராட வேண்டியதில்ல. மாசப் பாஸ், இல்ல நாள் கணக்குக் கட்டணம் இருக்கான்னு கேட்டாலே போதும்.

உங்க கணக்கை இப்படிப் போடுங்க

ஒரு பேப்பர் எடுத்துக்கோங்க. எக்செல்லும் ஓகே.

1. போன மூணு வருஷமும் கட்டின தொகையை எழுதுங்க. பேங்க் ஸ்டேட்மெண்ட்ல ஜிம் பேரைத் தேடினா வந்துடும். பில் வருஷா வருஷம் ஏறியிருக்கா, எவ்வளவு ஏறியிருக்குன்னு பாருங்க.

2. புது மெம்பருக்கு இன்னைக்கு என்ன ரேட்னு கண்டுபிடிங்க. ஜிம்மோட இன்ஸ்டாகிராம் பக்கம், வாசல்ல இருக்கிற ஃபிளெக்ஸ், இல்லன்னா நண்பரை விட்டு ஒரு போன் கால். பெரும்பாலும் நேர்ல வாங்கன்னுதான் சொல்வாங்க. நண்பர் போய்ட்டு வரட்டும், ஒரு டீ வாங்கிக் கொடுத்துடுங்க.

3. எல்லாத்தையும் மாசக் கணக்கா மாத்துங்க. அட்மிஷன் கட்டணம், இலவச மாசம், வரி எல்லாம் சேர்த்து, மொத்தத் தொகையை மொத்த மாசத்தால வகுங்க. புது மெம்பருக்கு அட்மிஷன் கட்டணம் 2,000 இருந்தா அதையும் கூட்டணும். சில ஜிம்ல இப்படிக் கூட்டிப் பார்த்தா, பழைய மெம்பர் ரேட்டே குறைவா இருக்கும். சேர்ந்தப்போ இருந்த ரேட்டையே தொடர்ந்து கொடுக்கிற ஓனர்களும் இருக்காங்க. அப்படி இருந்தா சந்தோஷமா கட்டிட்டு வாங்க, சண்டைக்குப் போக வேண்டாம்.

4. ஜி.எஸ்.டி.யைப் பாருங்க. இது நிறைய பேர் கவனிக்காத இடம். 2025 செப்டம்பர் 22-லிருந்து ஜிம் சேவைக்கான ஜி.எஸ்.டி. 18%-லிருந்து 5% ஆகக் குறைஞ்சிருக்கு. நம்ம தம்பியோட 18,000 ரூபாய் பில், வரி குறையறதுக்கு முன்னாடி இருந்த அதே தொகை. அதுல அடிப்படை விலை சுமார் 15,254, வரி சுமார் 2,746. அதே அடிப்படை விலைக்கு 5% போட்டா மொத்தம் சுமார் 16,017. கிட்டத்தட்ட 1,980 ரூபாய் குறைஞ்சிருக்கணும்.

இங்க ஜிம் பக்க நியாயத்தையும் சொல்லிடுறேன். 5% வரி வந்தப்போ, ஜிம் தான் கட்டுற வாடகை, மெஷின் மேல இருக்கிற ஜி.எஸ்.டி.யைக் கழிச்சுக்கிற வசதி போயிடுச்சு. அதனால அடிப்படை விலையைக் கொஞ்சம் ஏத்தினா அதுக்குக் காரணம் இருக்கு. ஆனா பழைய மொத்தத் தொகையை ஒரு ரூபா கூட மாத்தாம அப்படியே கேட்டா, "பில்லைப் பிரிச்சுக் காட்டுங்க"னு கேட்கறதுல தப்பே இல்ல.

இன்னொரு விஷயம். வருஷ வருமானம் 20 லட்சத்துக்குள்ள இருக்கிற சின்ன ஜிம் ஜி.எஸ்.டி. பதிவு எடுக்க வேண்டியதில்ல. பதிவு இல்லாதவங்க உங்ககிட்ட ஜி.எஸ்.டி. வசூலிக்கவும் கூடாது. ரசீதுல ஜி.எஸ்.டி. நம்பர் இல்லாம "பிளஸ் ஜி.எஸ்.டி."னு தனியா கேட்டா, நம்பரைக் கேளுங்க.

கேட்கிற விதம்

கணக்கு ரெடி. இப்போ பேசணும். நம்ம பசங்க நிறைய பேர் இங்கதான் கூச்சப்படுறாங்க. காய்கறிக் கடையில அஞ்சு ரூபாய்க்குப் பேரம் பேசுவோம். 18,000 ரூபாயை "ஓகே ப்ரோ"ன்னு கட்டிட்டு வந்துடுவோம்.

எப்போ கேட்கணும்: மெம்பர்ஷிப் முடியறதுக்கு ஒரு மாசம் முன்னாடி. முடிஞ்ச அன்னைக்கு கேட்டீங்கன்னா நாளைக்கு வொர்க்அவுட் போகணும்ங்கற அவசரம் உங்களுக்குத்தான் இருக்கும், அவங்களுக்கு இல்ல. மாசக் கடைசியும் நல்ல நேரம். சேல்ஸ் ஆட்களுக்கு டார்கெட் முடிக்கிற அவசரம் இருக்கும்.

யார்கிட்ட கேட்கணும்: ரிசப்ஷன்ல இருக்கிறவங்களுக்கு ரேட் மாத்துற அதிகாரம் இருக்காது. மேனேஜர், இல்லன்னா ஓனர். அடுத்தவங்க முன்னாடி கேட்காதீங்க. பத்துப் பேர் காது கேட்க அவர் உங்களுக்கு மட்டும் குறைக்க முடியாது.

என்ன பேசணும்: நம்ம தம்பிக்கு நான் சொல்லிக் கொடுத்தது இதுதான்.

"சார், மூணு வருஷமா இங்க வர்றேன். இந்த இடம் எனக்குப் பிடிச்சிருக்கு, மாறணும்னு எண்ணமில்ல. புதுசா சேர்றவங்களுக்கு 15,000-க்கு 15 மாசம் தர்றீங்கன்னு பார்த்தேன். அதே ரேட்டை எனக்கும் போட்டுக் கொடுத்தீங்கன்னா இன்னைக்கே கட்டிடுறேன்."

பதில் பெரும்பாலும் இப்படித்தான் வரும். "அது நியூ அட்மிஷனுக்கு மட்டும்தான் சார். ரினியூவலுக்கு சிஸ்டம் எடுக்காது."

இதைக் கேட்டதும் கோபப்படாதீங்க. ரெண்டாவது கதவைத் தட்டுங்க.

"சரி சார், ரேட் மாத்த முடியலன்னா மாசத்தைக் கூட்டிக் கொடுங்க. 18,000-க்கு 18 மாசம் போட்டா எனக்கு ஓகே."

18,000 ÷ 18 = 1,000. மாசக் கணக்குல புது மெம்பர் ரேட்தான். ஆனா மேனேஜருக்கு இது சுலபம். பணம் 18,000 உள்ள வருது, ரேட் கார்டை மாத்த வேண்டாம், காலி இருக்கிற மெஷினைக் கூடக் கொஞ்ச மாசம் கொடுக்கறதுல அவருக்குப் பெருசா செலவும் இல்ல. முன்னாடி பார்த்தோம்ல, 201-வது மெம்பரால கூடுதல் செலவு ரொம்பக் குறைவுன்னு? அதே உண்மை இப்போ உங்க பக்கம் வேலை செய்யுது.

அதுவும் முடியலன்னா, பணமில்லாத விஷயங்களைக் கேளுங்க. ஊருக்குப் போறப்போ 30 நாள் ஃப்ரீஸ், வேற கிளைக்கு மாத்திக்கிற வசதி, மெம்பர்ஷிப்பை இன்னொருத்தர் பேருக்கு மாத்துற வசதி, சில பெர்சனல் ட்ரெயினிங் வகுப்புகள்.

பக்கத்து ஜிம் ரேட்டையும் கைல வச்சுக்கோங்க. ஆனா பொய் ரேட் சொல்லாதீங்க. ஏரியாவுல இருக்கிற எல்லா ஜிம் ரேட்டும் மேனேஜருக்கு மனப்பாடம்.

நம்ம தம்பிக்கு என்ன ஆச்சுன்னா, ரெண்டு நாள் இழுத்துட்டு 16,500-க்கு 15 மாசம் போட்டுக் கொடுத்தாங்க. மாசம் 1,100. முழுசா புது மெம்பர் ரேட் இல்ல. ஆனா மாசம் 400 ரூபாய் மிச்சம், 15 மாசத்துக்கு 6,000 ரூபாய். பத்து நிமிஷப் பேச்சுக்கு மோசமில்ல.

ஆனா இந்த நாலையும் பண்ணாதீங்க

1. விலை ஏறும்னு பயந்து மூணு வருஷத்துக்கு மொத்தமா கட்டாதீங்க. முன்பணம் கட்டின நிமிஷத்துலிருந்து நீங்க வாடிக்கையாளர் மட்டும் இல்ல, ஜிம்முக்குக் கடன் கொடுத்தவர். அதுவும் எந்த அடமானமும் இல்லாம. வாடகை கட்ட முடியாம ஜிம் ஷட்டரை இறக்கிட்டா, பேங்க்கு மெஷின் இருக்கு, பில்டிங் ஓனருக்கு அட்வான்ஸ் இருக்கு, உங்களுக்கு ரசீது மட்டும்தான் இருக்கு. ஒரு வருஷத்துக்கு மேல வேண்டாம்.

2. ஆப் மூலமா "நோ காஸ்ட் இ.எம்.ஐ."ல மெம்பர்ஷிப் எடுக்கும்போது ஜாக்கிரதை. அது ஜிம்முக்குக் கட்டுற தவணை இல்ல, ஒரு நிதி நிறுவனம் உங்க பேர்ல கொடுக்கிற கடன். ஜிம்மை மூடினாலும் அந்தக் கடன் உங்க பேர்லதான் இருக்கும். நிறுத்தினா சிபில் ஸ்கோர் அடி வாங்கும்.

3. ஆட்டோபேல போட்டுட்டு மறந்துடாதீங்க. ரிசர்வ் வங்கி விதிப்படி, கார்டுல ஆட்டோபே போட்டிருந்தா பணம் எடுக்கறதுக்கு 24 மணி நேரம் முன்னாடி எவ்வளவு எடுக்கப் போறாங்கன்னு தகவல் வரணும். 15,000 ரூபாய்க்கு மேல போனா பெரும்பாலான விஷயத்துக்கு ஒவ்வொரு தடவையும் உங்க அனுமதி வேணும். அந்த மெசேஜைப் படிக்காம தள்ளி விடுறதுதான் பிரச்னை. இப்பவே யு.பி.ஐ. ஆப்ல ஆட்டோபே பகுதியைத் திறந்து, உயிரோட இருக்கிற பட்டியலைப் பாருங்க. ரத்து பண்ண விடாம இழுத்தடிக்கிற சந்தா வலையை, மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர்ல வெளியிட்ட விதிகள் தப்பான நடைமுறைன்னே சொல்லுது. ஆன்லைன்ல எடுத்த சந்தாவை விட மாட்டேங்கறாங்கன்னா, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ல புகார் கொடுக்கலாம்.

4. மாசம் 400 ரூபாய்க்காக நல்ல பழக்கத்தை உடைக்காதீங்க. வாரத்துக்கு அஞ்சு நாள் ஒழுங்கா போறீங்க, வீட்டுக்குப் பக்கம், முதுகு வலி போயிருக்கு. 6 கிலோமீட்டர் தள்ளி இருக்கிற ஜிம் மாசம் 400 ரூபாய் கம்மின்னு மாறினா, பெட்ரோல் செலவு ஒரு பக்கம், ரெண்டாவது மாசமே போறது நின்னுடும். மாறத் தயாரா இருக்கிறதும், மாறியே தீரணும்ங்கறதும் வேற வேற. பேரம் பேச முதலாவது போதும்.

ஜிம் சின்ன பில். பெரிய பில் வீட்டுக்குள்ள இருக்கு

பில்லைப் பேசி முடிச்சதும் அந்தத் தம்பிகிட்ட நான் கேட்ட கேள்வி, "வீட்டுக் கடன் வட்டி எவ்வளவு?" அப்பா 2018-ல எடுத்த கடன், இப்போ இ.எம்.ஐ. கட்டுறது இவர். வட்டி எவ்வளவுன்னு இவருக்குத் தெரியல. அப்பாவுக்கும் தெரியல. ஸ்டேட்மெண்ட் எடுத்துப் பார்த்தா 8.75%. அதே பேங்க், இவரை மாதிரி சம்பளமும் சிபில் ஸ்கோரும் இருக்கிற புது ஆளுக்குக் கொடுக்கிற வட்டி 7.75%.

இங்கயும் விசுவாச அபராதம்தான். அது எப்படி வேலை செய்யுதுன்னு பாருங்க.

2019 அக்டோபர் 1-லிருந்து பேங்குகள் தனிநபருக்குக் கொடுக்கிற புது ஃப்ளோட்டிங் வீட்டுக் கடன்களை, ரெப்போ ரேட் மாதிரி ஒரு வெளி அளவுகோலோட இணைக்கணும்னு ரிசர்வ் வங்கி சொல்லிடுச்சு. அதுக்கு முன்னாடி எடுத்த கடன்கள் எம்.சி.எல்.ஆர். இல்லன்னா பேஸ் ரேட்ங்கற பழைய முறையில இருக்கு. அதுல பேங்க் வட்டியைக் குறைக்கிறது மெதுவா நடக்கும். புது முறைக்கு மாறிக்கலாம். ஆனா நீங்க கேட்டாத்தான் மாத்துவாங்க, தானா மாறாது.

ரெப்போ முறையில இருக்கிறவங்களும் நிம்மதியா இருந்துட முடியாது. உங்க வட்டி என்பது ரெப்போ, அதுக்கு மேல பேங்க் வைக்கிற ஸ்ப்ரெட். ரெப்போ குறைஞ்சா எல்லாருக்கும் குறையும். ஆனா போட்டி அதிகமானா பேங்க் புது ஆளுக்கு மட்டும் ஸ்ப்ரெட்டைக் குறைக்கும். உங்களுக்குக் கடன் எடுத்தப்போ போட்ட அதே ஸ்ப்ரெட் ஓடிட்டிருக்கும்.

கணக்கைப் பாருங்க. பாக்கி 30 லட்சம், இன்னும் 15 வருஷம்.

8.75%-ல இ.எம்.ஐ.: 29,983 ரூபாய்
7.75%-ல இ.எம்.ஐ.: 28,238 ரூபாய்
வித்தியாசம்: மாசம் 1,745 ரூபாய். 15 வருஷத்துக்கு சுமார் 3.14 லட்சம்.

இதை விட நல்ல வழி ஒண்ணு இருக்கு. வட்டியைக் குறைச்சுட்டு, இ.எம்.ஐ.யைக் குறைக்காம பழைய 29,983-ஐயே கட்டுங்க. கடன் சுமார் ஒன்றரை வருஷம் முன்னாடியே முடியும். மொத்த மிச்சம் சுமார் 5.5 லட்சம். பாக்கெட்லிருந்து மாசா மாசம் போற தொகை ஒரு ரூபா கூட கூடல.

இதுக்கும் ஜிம் ஃபார்முலாதான். புது ஆளுக்கு என்ன வட்டின்னு தெரிஞ்சுக்கோங்க. கிளை மேனேஜருக்கு "என் கடனை இப்போதைய வட்டிக்கு மாத்திக் கொடுங்க"னு ஒரு கடிதம் எழுதுங்க. கன்வர்ஷன் கட்டணம் எவ்வளவுன்னு கேளுங்க. பெரும்பாலும் மிச்சத்தோட ஒப்பிட்டா அது சின்னத் தொகைதான். முடியாதுன்னா வேற பேங்குக்குக் கடனை மாத்தலாம். தனிநபர் ஃப்ளோட்டிங் வீட்டுக் கடனை முன்கூட்டியே அடைச்சா அபராதம் போடக் கூடாதுன்னு ரிசர்வ் வங்கி விதி இருக்கு. ஆனா புது பேங்கோட பிராசசிங் கட்டணம், வக்கீல் கட்டணம், எம்.ஓ.டி. பதிவுச் செலவு எல்லாத்தையும் கூட்டி, மிச்சத்துல கழிச்சுப் பார்த்துட்டு முடிவெடுங்க. இன்னும் மூணு நாலு வருஷம்தான் பாக்கின்னா, அலையற அலைச்சலுக்கு லாபம் இருக்காது. கடன் ஹவுசிங் ஃபைனான்ஸ் கம்பெனியில இருந்தா அந்த ரெப்போ விதி அவங்களுக்குப் பொருந்தாது. அவங்க தங்களோட சொந்த அளவுகோலை வச்சுக்கறாங்க. அங்க இன்னும் கவனமா இருக்கணும்.

தம்பி வீட்டுல கடிதம் கொடுத்து, கட்டணம் கட்டி, வட்டியை மாத்திட்டாங்க. இ.எம்.ஐ.யைக் குறைக்கல.

விசுவாசத்துக்கு மதிப்பு இருக்கிற இடமும் உண்டு

இதைப் படிச்சுட்டு எல்லாத்தையும் மாத்தக் கிளம்பிடாதீங்க.

ஹெல்த் இன்ஷூரன்ஸ்ல பழைய பாலிசிக்கு மதிப்பு இருக்கு. ஏற்கனவே இருக்கிற நோய்களுக்கான காத்திருப்புக் காலத்தை நீங்க கடந்து வந்திருப்பீங்க. பாலிசியை விட்டுட்டு புதுசா எடுத்தா அந்தக் கணக்கு மறுபடி பூஜ்ஜியத்துலிருந்து ஆரம்பிக்கும். மாறணும்னா போர்ட்டபிலிட்டி மூலமா மட்டும் மாறுங்க. புது கம்பெனி ஏத்துக்கிட்டாங்கன்னு எழுத்துல வர்ற வரைக்கும் பழைய பாலிசியை விடாதீங்க.

பைக், கார் இன்ஷூரன்ஸ்ல நேர் எதிர். "கம்பெனி மாத்தினா நோ கிளெய்ம் போனஸ் போயிடும்"னு பயந்து நிறைய பேர் அதே இடத்துல கட்டிட்டு இருக்காங்க. போகாது. அந்த போனஸ் உங்களுக்குச் சொந்தம், கம்பெனிக்கு இல்ல. 20%-ல ஆரம்பிச்சு, அஞ்சு வருஷம் கிளெய்ம் இல்லன்னா 50% வரைக்கும், நீங்க எங்க போனாலும் கூடவே வரும். அதனால ஒவ்வொரு ரினியூவலுக்கும் மூணு இடத்துல விலை பாருங்க.

இந்த வாரத்து ஹோம்வொர்க்

ஒரு பேப்பர்ல நாலு கட்டம் போடுங்க. முதல் கட்டத்துல உங்க சந்தா, கடன், இன்ஷூரன்ஸ் எல்லாம்: ஜிம், பிராட்பேண்ட், வண்டி இன்ஷூரன்ஸ், வீட்டுக் கடன். ரெண்டாவதுல நீங்க கட்டுறது. மூணாவதுல இன்னைக்குப் புதுசா வர்றவர் கட்டுறது. நாலாவதுல ரினியூவல் தேதி. அந்தத் தேதிக்கு 30 நாள் முன்னாடி போன்ல ஒரு ரிமைண்டர் வச்சுடுங்க.

மூணாவது கட்டத்தை நிரப்பத்தான் கொஞ்சம் மெனக்கெடணும். பெரிய தொகையிலிருந்து ஆரம்பிங்க. வீட்டுக் கடன் முதல்ல, ஜிம் கடைசியில. அப்பா பேர்ல கடன் இருந்தா, இந்த ஞாயித்துக்கிழமை அவரோட உட்கார்ந்து அந்த ஸ்டேட்மெண்ட்டை ஒரு தடவை எடுத்துப் பாருங்க.

வீட்டுக் கடனை வேற பேங்குக்கு மாத்தும்போது என்னென்ன ஆவணம் வேணும், எந்த வரிசையில போகணும்னு நம்ம சேனல்ல அடுத்த வீடியோவுல பார்ப்போம். அதுக்கு முன்னாடி உங்க கடனோட வட்டி விகிதத்தைத் தெரிஞ்சுட்டு வாங்க.